சட்டம் தன் கடமையைச் செய்யும்: யார், எதை, எத்தனை நாளில்?

செல்வாக்குள்ள ஒருவர்மீது புகார் வந்தால் அன்று மாலைச் செய்தியில் என்ன கேட்போம் என்பது நமக்கு முன்பே தெரியும். கட்சிக்காரர் "சட்டம் தன் கடமையைச் செய்யும்" என்பார். அமைச்சராக இருந்தால் "சட்டத்துக்கு மேலானவர் யாரும் இல்லை" என்று இன்னொன்றையும் சேர்த்துக்கொள்வார். புகாருக்கு ஆளானவரின் வக்கீல், ஆயிரம் குற்றவாளிகள் தப்பலாம், ஒரு நிரபராதிகூடத் தண்டிக்கப்படக் கூடாது என்பார். விவகாரம் பெரிதானால் ஆணையம் அமைப்பார்கள். மாதக்கணக்கில் கழித்துப் போய்க் கேட்டால், வழக்கு நீதிமன்றத்தில் இருப்பதால் கருத்துச் சொல்ல இயலாது என்று முடித்துவிடுவார்கள்.

இவற்றில் எதுவும் பொய் கிடையாது. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு சட்டப் பிரிவோ தீர்ப்போ நடைமுறையோ உண்டு. ஆனால் திரும்பத் திரும்பச் சொல்லி, அந்த இடத்திலிருந்து இவை கழன்றுவிட்டன. செய்ய வேண்டியவர் யார் என்பதும் அவருக்கு எத்தனை நாள் கெடு என்பதும் இந்த வாக்கியங்களில் இருப்பதில்லை. அந்த இரண்டையும் தேடிப் பார்ப்பதுதான் இங்கே வேலை.

## "சட்டம் தன் கடமையைச் செய்யும்"

சட்டம் தானாக எதையும் செய்யாது. காவல் நிலையப் பொறுப்பு அதிகாரி, விசாரணை அதிகாரி, நடுவர் (மாஜிஸ்திரேட்), வழக்குத் தொடர இசைவு தரும் அரசு, அரசு வழக்கறிஞர், நீதிபதி என்று வரிசையாகச் சிலர் தங்கள் வேலையைச் செய்தால்தான் வழக்கு நகரும். 2024 ஜூலை 1 முதல், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. கீழே வரும் பிரிவு எண்களில் சட்டத்தின் பெயர் தனியாகச் சொல்லப்படாதவை இந்தச் சட்டத்தைச் சேர்ந்தவை.

1. புகார். பிடியாணை இல்லாமலே போலீஸ் கைது செய்யக்கூடிய குற்றம் என்றால் முதல் தகவல் அறிக்கை, அதாவது எஃப்.ஐ.ஆர்., பதிவு செய்தே ஆக வேண்டும் (பிரிவு 173). லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2013இல் இதைத் தெளிவாகச் சொன்னது. புதிய சட்டம் ஒரு சின்னக் கதவைத் திறந்து வைத்திருக்கிறது: 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குள் தண்டனை வரக்கூடிய குற்றங்களில், டி.எஸ்.பி.யின் முன்அனுமதியோடு 14 நாளுக்குள் பூர்வாங்க விசாரணை செய்து பார்க்கலாம்.

நடைமுறையில் முதல் முட்டுக்கட்டை இங்கேதான் விழுகிறது. நிலையத்தில் மனுவை வாங்கிக்கொண்டு ஒரு ரசீது தருவார்கள். சி.எஸ்.ஆர். என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். அதில் எண் இருக்கும், முத்திரை இருக்கும், கையெழுத்து இருக்கும். பலரும் அதையே எஃப்.ஐ.ஆர். என்று நினைத்து வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். மனு வந்து சேர்ந்தது என்பதற்கு மட்டுமே அது சாட்சி. வழக்கு பதிவானது என்று அதற்குப் பொருள் இல்லை. எஃப்.ஐ.ஆர். என்றால் அதில் குற்ற எண்ணும் சட்டப் பிரிவுகளும் இருக்கும். புகார் கொடுத்தவருக்கு அதன் நகலைக் காசு வாங்காமல் தர வேண்டும். பதிவு செய்ய மறுத்தால் புகாரை எழுத்தில் மாவட்டக் கண்காணிப்பாளருக்கு அஞ்சலில் அனுப்பலாம். அங்கேயும் அசையவில்லை என்றால், பிரமாணப் பத்திரத்தோடு நடுவரிடம் மனுப் போடலாம் (பிரிவு 175).

2. கைது. "இன்னும் ஏன் கைது செய்யவில்லை?" என்பது தொலைக்காட்சி விவாதங்களில் தவறாமல் எழும் கேள்வி. எஃப்.ஐ.ஆர். போட்டவுடன் கைது செய்தாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. 7 ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில், கைது ஏன் தேவை என்பதற்குக் காரணம் எழுத வேண்டும். தேவை இல்லையென்றால் நேரில் வரச் சொல்லி நோட்டீஸ் தந்தால் போதும். 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைக் கண்டிப்பாகச் சொன்னது. சரி, அப்படியென்றால் ஏழைப்பட்டவரை இரவோடு இரவாகத் தூக்குவதும், வசதியானவருக்கு மட்டும் நோட்டீஸ் போவதும் எப்படி? சட்டம் இருவருக்கும் ஒன்றுதான். அதிகாரியின் விருப்புரிமை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

3. கெடு. கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நடுவர்முன் நிறுத்த வேண்டும். மரண தண்டனை, ஆயுள், அல்லது 10 ஆண்டும் அதற்கு மேலும் சிறை வரக்கூடிய குற்றங்களில் 90 நாளுக்குள்ளும், மற்றவற்றில் 60 நாளுக்குள்ளும் குற்றப்பத்திரிகை தாக்கலாக வேண்டும். தவறினால், உள்ளே இருப்பவர் கேட்டாலே பெயில் தர வேண்டும். நீதிமன்ற வளாகத்தில் 'ஸ்டாச்சுட்டரி பெயில்' என்பார்கள். குற்றத்தின் கொடுமை இங்கே கணக்கில் வராது. பெரிய வழக்கு ஒன்றில் முக்கியப் புள்ளி 91ஆம் நாள் வெளியே வந்தார் என்று செய்தி படித்தால், நீதிபதியைத் திட்டுவதற்கு முன் விசாரணை அதிகாரி 90 நாளாக என்ன செய்தார் என்று கேட்பது முறை.

4. தகவல். விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்பதைப் புகார்தாரருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ 90 நாளுக்குள் போலீஸ் தெரிவிக்க வேண்டும் (பிரிவு 193). புதிய சட்டத்தில் வந்த நல்ல விஷயங்களில் இது ஒன்று. நிலையத்தில் போய் நின்று கேட்பவர்கள்தான் குறைவு.

5. இசைவு. அரசின் ஒப்புதல் இல்லாமல் பதவிநீக்கம் செய்ய முடியாத ஒரு அரசு ஊழியர், அலுவல் கடமையின்போது செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்டால், அரசின் இசைவு இல்லாமல் நீதிமன்றம் அந்த வழக்கைக் கையில் எடுக்க முடியாது. பழைய சட்டத்தில் இதற்குக் காலக்கெடு கிடையாது. கோப்பு ஆண்டுக்கணக்கில் தூங்கலாம். இப்போது 120 நாளுக்குள் முடிவு சொல்லாவிட்டால் இசைவு தரப்பட்டதாகவே கொள்ளப்படும் (பிரிவு 218).

இதற்குப் பிறகுதான் குற்றச்சாட்டு வனைவு (எந்தக் குற்றங்களுக்காக விசாரணை என்று நீதிமன்றம் எழுதி வகுப்பது), சாட்சி விசாரணை, வாதம், தீர்ப்பு. எந்தப் படியிலும் ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் வழக்கு அங்கேயே நின்றுவிடும். ஆகவே தலைவர் ஒருவர் இந்த வாக்கியத்தைச் சொன்னால் கேட்க வேண்டியது ஒன்றே: இப்போது எந்தப் படியில் நிற்கிறது, பந்து யார் கையில்?

### வாச்சாத்தியில் நடந்தது

தருமபுரி மாவட்டம் அரூர் பக்கம், சித்தேரி மலை அடிவாரத்தில் வாச்சாத்தி இருக்கிறது. மலையாளிப் பழங்குடியினர் வாழும் ஊர். 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை பதுக்கியதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த் துறை ஆட்கள் அந்த ஊருக்குள் புகுந்தார்கள். மக்களை அடித்து உதைத்தார்கள், வீடுகளைச் சூறையாடினார்கள். 18 பெண்களை வன்கொடுமைக்கு ஆளாக்கினார்கள். அப்புறம், பெண்களும் குழந்தைகளும் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் கைது செய்து சேலம் சிறையில் அடைத்தார்கள்.

கவனித்துப் பார்த்தால், அன்று சட்டம் தன் கடமையை மிக வேகமாகவே செய்திருக்கிறது. ஊர் மக்கள்மீது வழக்கு உடனே பதிவானது. சிறைக் கதவும் உடனே திறந்தது. எதிர்த்திசையில் அதே சட்டம் எப்படி நகர்ந்தது என்பதை ஆண்டுகளே சொல்லும்:

1. 1992: கொடுமை நடந்தது. பழங்குடி மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியினரும் விஷயத்தை வெளியே கொண்டுவந்து நீதிமன்றம் போனார்கள்.
2. 1995: சென்னை உயர் நீதிமன்றம் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட்டது.
3. 2011 செப்டம்பர் 29: தருமபுரி அமர்வு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள். உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள். அவர்களில் 17 பேர்மீது பாலியல் வன்கொடுமைக் குற்றம் உறுதியானது.
4. 2023 செப்டம்பர் 29: மேல்முறையீடுகளை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. அப்போதைய மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அதிகாரி ஆகியோர்மீதும் நடவடிக்கை எடுக்க உத்தரவிட்டது.

முதல் தீர்ப்புக்கு 19 ஆண்டு, மேல்முறையீடு முடிய மேலும் 12 ஆண்டு. 'தாமதிக்கப்பட்ட நீதி மறுக்கப்பட்ட நீதி' என்ற வாசகமும் இங்கே முழுசாகப் பொருந்தவில்லை. தாமதமானது உண்மை. ஆனால் அந்த ஊர்ப் பெண்கள் அடையாள அணிவகுப்பில் நின்று ஆட்களைக் காட்டியதும், வருஷக்கணக்கில் சாட்சிக் கூண்டு ஏறி இறங்கியதும் இல்லையென்றால் 215 பேருக்குத் தண்டனை வந்திருக்காது. கடமையைச் செய்தவர்கள் பட்டியலில் முதலில் எழுத வேண்டியது அவர்களைத்தான்.

## "சட்டத்துக்கு மேலானவர் யாரும் இல்லை"

இது முக்கால்வாசி உண்மை. அரசியல் சட்டத்தின் 14ஆம் உறுப்பு, சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்கிறது. அதே அரசியல் சட்டத்தின் 361ஆம் உறுப்போ, குடியரசுத் தலைவர்மீதும் ஆளுநர்மீதும் அவர்கள் பதவியில் இருக்கும்வரை குற்றவியல் நடவடிக்கை எதுவும் தொடங்கவோ தொடரவோ கூடாது என்கிறது. மற்றவர்களுக்கு முழு விலக்கு கிடையாது. வாசலில் பூட்டு மட்டும் உண்டு.

லஞ்ச வழக்குகளில் அப்படி இரண்டு பூட்டுகள். முதலாவது 2018இல் சேர்க்கப்பட்ட ஊழல் தடுப்புச் சட்டப் பிரிவு 17-ஏ: ஓர் அதிகாரியோ அமைச்சரோ அலுவல்ரீதியாக எடுத்த முடிவைப் பற்றி விசாரிக்கத் தொடங்கவே முன்அனுமதி வேண்டும். இரண்டாவது பிரிவு 19: நீதிமன்றம் வழக்கை ஏற்க இசைவு வேண்டும். பதவியில் இருக்கும் அமைச்சர் என்றாலும் முன்னாள் அமைச்சர் என்றாலும் அந்தக் கோப்பு ஆளுநரிடம் போகும் நிலை வருகிறது. 2023இல் தமிழ்நாடு அரசு ஆளுநருக்கு எதிராக உச்ச நீதிமன்றம் போனபோது மசோதாக்களைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். வழக்குத் தொடர இசைவு கேட்டு அனுப்பிய கோப்புகள் கிடப்பில் இருப்பதும் அந்த மனுவில் ஒரு புகார்.

கையும் களவுமாகப் பிடிபடுபவருக்கு 17-ஏ பாதுகாப்பு கிடையாது. அதனால்தான் லஞ்ச ஒழிப்புத் துறை பற்றிய செய்திகளில், ரசாயனம் தடவிய நோட்டை வாங்கிக் கை சிவந்து மாட்டிய கிராம நிர்வாக அலுவலரும் சார்பதிவாளர் அலுவலக ஊழியரும் வாரம் தவறாமல் வருகிறார்கள். கோப்பில் கையெழுத்துப் போட்டுக் கோடிகளைத் திருப்பிவிட்டவர் எப்போதாவதுதான் வருகிறார்.

## "ஆயிரம் குற்றவாளிகள் தப்பலாம்..."

இந்த வாசகத்தில் எண் ஊருக்கு ஊர் மாறும். ஆங்கிலேயச் சட்ட அறிஞர் வில்லியம் பிளாக்ஸ்டன் 1769இல் வெளிவந்த தன் உரைநூலின் நான்காம் தொகுதியில் எழுதியது பத்துப் பேர். பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1785இல் ஒரு கடிதத்தில் அதை நூறாக்கினார். 12ஆம் நூற்றாண்டு யூத அறிஞர் மைமோனிடிஸ் அதற்கெல்லாம் முன்பே ஆயிரம் என்று எழுதியிருந்தார். நம் மேடைகளில் நூறும் கேட்கும், ஆயிரமும் கேட்கும்.

எண் முக்கியமில்லை. கருத்து இதுதான்: குற்றத்தை நிரூபிக்கும் சுமை அரசுத் தரப்பைச் சேர்ந்தது. நியாயமான சந்தேகம் எழுந்தால் அதன் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்குப் போகும்.

பலரும் விட்டுவிடுகிற பகுதி ஒன்று உண்டு. நம் உச்ச நீதிமன்றமே இந்த வாசகத்துக்கு ஓர் எல்லை போட்டிருக்கிறது. 1973இல் ஷிவாஜி போபடே வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ண ஐயர், சந்தேகத்தின் பலன் என்பதை மிதமிஞ்சி வழிபடுவது சமூகத்துக்கு ஆபத்து என்று எச்சரித்தார். 1988இல் அனில் சிங் வழக்கில், நிரபராதி தண்டிக்கப்படாமல் பார்ப்பது போலவே குற்றவாளி தப்பாமல் பார்ப்பதும் நீதிபதியின் கடமைதான் என்று நீதிமன்றம் சொன்னது. வக்கீல் மேற்கோள் காட்டும்போது முதல் பாதியோடு நிறுத்திக்கொள்வது அவர் தொழில்; செய்தி எழுதுபவர்களும் அங்கேயே நிறுத்துவதுதான் இடிக்கிறது.

இன்னொரு பக்கம், சில சட்டங்களில் சுமை தலைகீழாகவே இருக்கிறது. குழந்தைகள்மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ, போதைப்பொருள் தடுப்புச் சட்டம், சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டம் போன்றவற்றில், அடிப்படை உண்மைகளை அரசுத் தரப்பு காட்டிவிட்டால் மற்றதைப் பொய் என்று நிறுவ வேண்டியவர் குற்றம் சாட்டப்பட்டவரே. காசோலை திரும்பிய சாதாரண வழக்கிலும் கதை இதுதான்: கையெழுத்தை ஒப்புக்கொண்டால், கடனுக்காகவே கொடுத்தது என்று சட்டம் அனுமானிக்கும்.

'விடுதலை' என்ற ஒரே தலைப்பின் கீழ் இரண்டு விதமான தீர்ப்புகள் வருவதையும் கவனிக்க வேண்டும். குற்றமே செய்யவில்லை என்று தெளிவாகச் சொல்லி விடுவிப்பது ஒன்று. சாட்சிகள் பிறழ்ந்துவிட்டார்கள், சந்தேகத்தின் பலனை அளிக்கிறோம் என்று விடுவிப்பது இன்னொன்று. சாட்சி பிறழ்வது என்றால், போலீஸிடம் முதலில் சொன்னதை நீதிமன்றத்தில் மறுத்துப் பேசுவது. வீட்டில் எல்லோரும் இரண்டையும் ஒன்றாகத்தான் கொண்டாடுவார்கள். ஆனால் தமிழ்நாடு காவலர் தேர்வில் உடல் தகுதியும் எழுத்துத் தேர்வும் தாண்டி வந்த இளைஞருக்கு, நடத்தைச் சரிபார்ப்பின்போது இந்த வித்தியாசம் முகத்தில் அறையும். சந்தேகத்தின் பலனாலோ புகார்தாரர் பிறழ்ந்ததாலோ விடுதலையானவரை, குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே அந்தப் பணி விதிகள் கருதுகின்றன. கல்லூரிக் காலத்து அடிதடி வழக்கைச் சமரசமாக முடித்துக்கொண்டவர்கள் பலர் இந்த இடத்தில்தான் மாட்டுகிறார்கள்.

## "பெயில் விதி, ஜெயில் விலக்கு"

இதைச் சொன்னவர் யார் என்பதில் குழப்பமே இல்லை. 1977இல் பால்சந்த் வழக்கில் கிருஷ்ண ஐயர் எழுதியது. ஓடிப்போவார், சாட்சியை மிரட்டுவார், மறுபடி குற்றம் செய்வார் என்ற அச்சம் இருந்தால் தவிர பெயில் தர வேண்டும் என்பது சாரம். அடுத்த ஆண்டே மோதிராம் வழக்கு வந்தது. மத்தியப் பிரதேசத்துக் கொத்தனார் ஒருவருக்குப் பெயில் கிடைத்தும், 10,000 ரூபாய்க்கு ஜாமீன்தாரர் கொண்டுவரச் சொன்னார்கள். அண்ணன் தம்பி சொத்தைக் காட்டியபோது அது வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று நடுவர் ஏற்கவில்லை. ஏழைக்கு இப்படிப் பெயில் தருவதும் தராததும் ஒன்றுதானே என்று கிருஷ்ண ஐயர் மீண்டும் பேனாவை எடுக்க வேண்டியிருந்தது.

அரை நூற்றாண்டு ஆகப்போகிறது. நாட்டுச் சிறைகளில் இருப்பவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினர் இன்னும் விசாரணைக் கைதிகள்தான். பெயில் உத்தரவு வந்தும் ஜாமீன்தாரர் கிடைக்காமல் உள்ளேயே கிடப்பவர்களுக்காக உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் ஒரு நடைமுறை வகுத்தது. பெயில் கிடைத்த 7 நாளில் ஒருவர் வெளியே வரவில்லை என்றால், சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். அவர்கள் ஆள் அனுப்பிப் பேசி வழி செய்ய வேண்டும். வெளியே அலையும் குடும்பத்தார் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டிய தகவல் இது; அந்த ஆணைக்குழு அலுவலகம் பெரும்பாலும் அதே நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும்.

விலக்கே விதியாகிற சட்டங்களும் இருக்கின்றன. உபா எனப்படும் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம், பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டம், வணிக அளவில் போதைப்பொருள் பிடிபட்ட வழக்கு. உபாவில், குற்றச்சாட்டு முதல் பார்வைக்கு உண்மை என்று நம்ப இடமிருந்தாலே பெயில் கிடையாது. மற்ற இரண்டிலும், இவர் குற்றம் செய்யவில்லை என்று நம்ப இடமிருக்கிறது என்ற அளவுக்கு நீதிபதிக்குத் தோன்றினால்தான் பெயில். 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், பணப் பரிமாற்ற வழக்கிலும் பெயில்தான் விதி என்று சொன்னது. அடுத்த மாதம் செந்தில் பாலாஜிக்குப் பெயில் தந்தபோது அவர் 15 மாதத்துக்கு மேல் உள்ளே இருந்துவிட்டார். விசாரணை எப்போது முடியும் என்றே தெரியாத நிலையில் ஒருவரைக் காலவரையின்றி அடைத்து வைக்க முடியாது என்பது அங்கே சொல்லப்பட்ட காரணம். வழக்கில் குற்றம் இல்லை என்பதல்ல.

அப்புறம் 'குண்டாஸ்'. பெயில் வாங்கிவிட்டாரே, ஏன் இன்னும் உள்ளே என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். தமிழ்நாடு 1982ஆம் ஆண்டின் 14ஆம் எண் சட்டத்தை எல்லோரும் குண்டர் சட்டம் என்கிறோம். நடந்த குற்றத்துக்குத் தண்டனை தருவது இதன் வேலை இல்லை. இனிமேல் செய்யாமல் தடுக்க அடைத்து வைப்பது. உத்தரவு போடுபவர் நீதிபதியும் இல்லை, மாவட்ட ஆட்சியரோ மாநகரக் காவல் ஆணையரோதான். அரசு 12 நாளில் ஒப்புதல் தர வேண்டும், அடைத்தது சரியா என்று பார்க்கும் அறிவுரைக் குழுமத்துக்கு 3 வாரத்தில் அனுப்ப வேண்டும், குழுமம் 7 வாரத்தில் கருத்துச் சொல்ல வேண்டும். அதிகபட்சம் 12 மாதம். இதை எதிர்க்க வழி உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு. அங்கே இந்த உத்தரவுகள் எப்படி உடைகின்றன என்பது சுவாரசியமான விஷயம்: கைதிக்குத் தந்த நகலில் எழுத்துத் தெரியவில்லை, அவர் போட்ட மனுவைப் பரிசீலிக்க அரசு தாமதித்தது என்கிற மாதிரியான காரணங்களாலேயே ஏராளமாக ரத்தாகின்றன. 'குண்டாஸ் பாய்ந்தது' என்று பெரிய எழுத்தில் போடும் பத்திரிகை, ரத்தானதை எங்கோ ஒரு மூலையில் போடும், அல்லது போடவே போடாது.

## "ஆணையம் அமைத்துவிட்டோம், உண்மை வெளிவரும்"

விசாரணை ஆணையங்கள் 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வருபவை. ஆட்களை வரவழைக்கலாம், ஆவணம் கேட்கலாம், சத்தியப் பிரமாணத்தோடு சாட்சி பதியலாம். தண்டிக்க மட்டும் முடியாது. ஆணையத்தின் முடிவு அரசுக்குத் தரும் பரிந்துரை மட்டுமே என்று டால்மியா வழக்கில் 1958இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இன்னும் முக்கியமாக, பிரிவு 6ன்படி ஆணையத்தின்முன் ஒருவர் கொடுத்த வாக்குமூலத்தை அவருக்கு எதிராக வேறு வழக்கில் பயன்படுத்த முடியாது. பொய்ச் சாட்சி சொன்னதற்கான வழக்கு மட்டும் விலக்கு. ஆகவே ஆணையம் நூறு பேரை விசாரித்து உண்மையைக் கண்டுபிடித்தாலும், போலீஸ் மறுபடி முதலிலிருந்து சாட்சியம் திரட்ட வேண்டும்.

இரண்டு உதாரணங்கள் நம் கண்முன்னே இருக்கின்றன. ஜெயலலிதா மரணம் பற்றிய ஆறுமுகசாமி ஆணையம் 2017 செப்டம்பரில் மூன்று மாதக் கெடுவோடு தொடங்கியது. இடையில் உச்ச நீதிமன்றத் தடை, ஒன்றன்பின் ஒன்றாக நீட்டிப்புகள். அறிக்கை வந்தது 2022 ஆகஸ்டில். 2018 மே மாதம் 13 பேர் உயிரைப் பறித்த தூத்துக்குடி துப்பாக்கிச் சூடு பற்றிய அருணா ஜெகதீசன் ஆணையத்தின் இறுதி அறிக்கை 2022 மே மாதம் வந்தது. இரண்டையும் 2022 அக்டோபர் 18 அன்று ஒரே நாளில் சட்டமன்றத்தில் வைத்தார்கள்.

சட்டம் இங்கே அரசுக்கு விதிக்கும் ஒரே கெடு பிரிவு 3(4): அறிக்கை வந்த 6 மாதத்துக்குள், எடுத்த நடவடிக்கை பற்றிய குறிப்போடு சேர்த்து அவையில் வைக்க வேண்டும். அந்தக் குறிப்பில் 'பரிசீலனையில் உள்ளது' என்று எழுதினாலும் கணக்கு நேராகிவிடும். அறிக்கை தாக்கலான அன்று ஆணையம் என்ன சொன்னது என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். நான் முதலில் தேடுவது அந்தக் குறிப்பைத்தான். அரசு என்ன செய்யப்போகிறது என்பது அதில்தான் இருக்கும், பெரும்பாலும் சில பக்கங்களில் முடிந்துவிடும்.

## "வழக்கு நீதிமன்றத்தில் இருப்பதால் கருத்துச் சொல்ல முடியாது"

இந்த வரிசையிலேயே அதிகம் கைமாறிப்போன வாசகம் இது. எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்று பிரித்துப் பார்க்கலாம்.

1. சட்டமன்றம், நாடாளுமன்றம். நீதிமன்றத்தின் முன் இருக்கும் விஷயத்தை அவையில் விவாதிக்கக் கூடாது என்று அவை விதிகளிலேயே இருக்கிறது. அவைத்தலைவர் இதைச் சொன்னால் இடம் சரி.

2. பத்திரிகையும் பொதுமக்களும். 1971ஆம் ஆண்டு நீதிமன்ற அவமதிப்புச் சட்டம், நீதி வழங்கும் போக்கில் குறுக்கிடுவதைத்தான் தடுக்கிறது. வாயையே திறக்கக் கூடாது என்று சொல்லவில்லை. குற்ற வழக்கைப் பொறுத்தவரை, குற்றப்பத்திரிகை தாக்கலானாலோ நீதிமன்றம் சம்மனோ பிடியாணையோ அனுப்பினாலோதான் 'நிலுவை' என்பதே அந்தச் சட்டத்தின்படி தொடங்குகிறது. வெறும் எஃப்.ஐ.ஆர். நிலையில் இருக்கும் விவகாரத்தை நீதிமன்றத்தில் இருக்கிறது என்று சொல்லி நழுவுவது பொருந்தாது. நடந்த விசாரணையை நேர்மையாகவும் சரியாகவும் செய்தியாக்குவது அவமதிப்பு ஆகாது (பிரிவு 4). முடிந்த வழக்கின் தீர்ப்பை நியாயமாக விமர்சிப்பதும் ஆகாது (பிரிவு 5). குறிப்பிட்ட வழக்கில் நீதிமன்றமே தடை போட்டிருந்தால் நிலைமை வேறு. பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவதோ எந்த நிலையிலும் குற்றம். வழக்கு நிலுவையில் இருக்கிறதா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

3. அமைச்சரும் அதிகாரியும். ஏரி ஆக்கிரமிப்பு பற்றி வழக்கு நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த நிலம் யாருக்குச் சொந்தம் என்று அமைச்சர் தீர்ப்புச் சொல்லக் கூடாது, சரி. ஆனால் அந்த ஏரியின் பரப்பு பதிவேட்டில் எவ்வளவு, கடைசியாக அளந்தது எப்போது, எத்தனை பேருக்கு நோட்டீஸ் போனது என்பவை எல்லாம் அலுவலகத்து அலமாரியில் இருக்கும் தகவல்கள். அவற்றைச் சொல்வதால் எந்த நீதிபதியின் மனமும் கலங்கிவிடாது.

4. தகவல் உரிமை மனு. பொதுமக்கள் இந்த வாசகத்தோடு நேருக்கு நேர் மோதுவது இங்கேதான். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி மனுப் போட்டால், 'பொருள் நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ளதால் தகவல் வழங்க இயலாது' என்று இரண்டு வரிப் பதில் வரும். தகவல் உரிமைச் சட்டத்தில் அப்படி ஒரு விலக்கே கிடையாது. பிரிவு 8(1)(பி) சொல்வது, வெளியிடக் கூடாது என்று நீதிமன்றம் வெளிப்படையாகத் தடுத்த தகவலையும், வெளியிட்டால் அவமதிப்பாகும் தகவலையும் மட்டுமே. புலனாய்வைக் காரணம் காட்டும் 8(1)(எச்) பிரிவுக்கும், தகவல் தந்தால் புலனாய்வு எப்படித் தடைப்படும் என்பதைத் துறை விளக்க வேண்டும். புலனாய்வு நடக்கிறது என்பது மட்டும் போதாது என்று பகத் சிங் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2007இல் தீர்ப்பளித்திருக்கிறது.

இந்த இரண்டு வரிப் பதில் கையில் வந்தால் செய்ய வேண்டியது: பதில் கிடைத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு முதல் மேல்முறையீடு. அதில் எந்த நீதிமன்றம், எந்த வழக்கு எண், எந்தத் தேதி உத்தரவு இந்தத் தகவலைத் தடுக்கிறது என்று கேட்டு, உத்தரவின் நகலையும் கேட்கலாம். அப்படி ஓர் உத்தரவு இல்லையென்றால் துறையால் காட்ட முடியாது. அங்கேயும் மறுத்தால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு போகலாம்.